யாக்கோப்பின் பெயரில்

பச்சையாக எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் தந்த தாளில் எழுதியிருந்தது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளறிற்றா சம்பல் இடிக்கவில்லை. வெங்காயத்தையும் மிளகாயையும் நன்றாக வதக்கி, தேங்காய்ப்பூவைச் சட்டியில் சிவக்க வறுத்து வைத்தாள். மீன் குழம்பை வழக்கத்துக்கு மேலாக இன்னும் இரண்டு கொதி விட்டாள். பாரை மீன் கரைந்து முள்ளைக் காட்டியது. காட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாளைக் காலை அவளுடைய கணவர் ஜெராட் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். போனால் குறைந்தது ஆறு கிழமை. ஐம்பத்திரண்டு வயதில் இரத்தப் புற்றுநோய். எலும்பு மச்சை முழுவதும் பழுது. முதலில் ஒரு கிழமை கடும் மருந்து ஏற்றி அந்த மச்சையை அடியோடு அழிப்பார்கள். பிறகு பொருந்துகிற ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த உயிர்க்கலங்களை ஏற்றுவார்கள். பழையது அழிந்தபின் புதியது வராவிட்டால் ஆள் தப்பாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பொருந்துகிறவர் ஒரேயொருவர்தான் அகப்பட்டார். ஜெராட்டின் தமையன் யாக்கோப்பு. ஜேர்மனியிலிருந்து வியாழக்கிழமை வந்து இறங்கியிருந்தார்.

அவர்கள் குடியிருந்த நோர்பரியில் மூன்று நாளாக விடாத தூறல். உலராத உடுப்புகள் ஹீற்றரின் மேல் கிடந்து புளித்த மணம் வீசின. பள்ளிக்கூடக் குசினியில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற கிளறிற்றாவுக்கு அன்று நாலு பேருக்குச் சமைத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

ஜெராட் மட்டும் அன்று உற்சாகமாக இருந்தார். வெளிறிப்போன முகத்தில் கண் இரண்டும் பளபளத்தன. தமையன் பக்கத்தில் இருந்தால் அவருக்கு எப்போதும் வாய் நிற்காது.

"மேனுஷா, உன்ர அப்பா ஒரு காலத்திலை யாக்கோப்பு. தெரியுமே உனக்கு?" என்றார் சோற்றைப் பிசைந்தபடி.

மேனுஷாவுக்குப் பதினாறு வயது. "அப்பா, நொட் அகெய்ன்" என்றாள். ஆனாலும் கேட்க ஆசைப்பட்டாள் என்பது கிளறிற்றாவுக்குத் தெரிந்தது. ஆறு கிழமைக்கு இந்தக் குரல் வீட்டில் இருக்காது.

"கேள். துறைமுகத்திலை இருந்து ஒரு எண்ணெய்க் குழாய் வெளிக்கிட்டு, நெதர்லாந்தைக் கடந்து ஜேர்மனிக்குள்ளை போகுது. மேலை பாத்தால் உருளைக்கிழங்குத் தோட்டம். கீழை ஒருநாள் டீசல், மற்ற நாள் நாப்தா."

"வட்ஸ் நாப்தா?"

"பெற்றோலுக்குத் தமக்கை. தண்ணி மாதிரி இருக்கும். இனிச்ச மணம்."

"ஒரே பைப்பிலையா? மிக்ஸ் ஆகாதா?"

"அதுக்குத்தான் பண்டி."

மேனுஷா சிரித்துவிட்டாள்.

"சிரியாதை. பிக் எண்டுதான் அவங்களும் சொல்லுறது. பெரிய றப்பர்க் குண்டு. டீசலுக்கும் நாப்தாவுக்கும் நடுவிலை அதை விட்டுத் தள்ளுவாங்கள். அது வழியிலை இருக்கிற ஊத்தை முழுக்க வழிச்சுக்கொண்டு எங்கட முனைக்கு வந்து சேரும். மூடியைத் திறந்து அதை வெளியிலை இழுத்துக் கழுவுறது என்ர வேலை. முழங்கை மட்டும் கறுத்த மெழுகு. சோப்புக்குப் போகவே போகாது."

"பிறகு?"

"நாப்தாவிலை கழுவுவம். ஒரு வாளி எந்த நேரமும் நிறைச்சு வைச்சிருக்கும். ரண்டு கையையும் விட்டு எடுத்தால் பளிச்."

யாக்கோப்பு தண்ணீர்க் கிளாசை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். அவருடைய கோப்பையில் சோறு போட்டபடியே கிடந்தது.

"நெதர்லாந்திலை எனக்கு அகதி வழக்குத் தள்ளுபடி" என்று ஜெராட் தொடர்ந்தார். "அண்ணை எல்லைக்கு அங்காலை ஜேர்மன் விசாக் காட்டோடை ராசா மாதிரி இருக்கிறார். அந்தக் குழாய் லைனிலை வேலை எடுத்தவர் அவர்தான். ஒரு வருசத்திலை கடை துறக்கிறதுக்காண்டி விடப்போறன் எண்டார். கிடைச்ச வேலையை ஆரும் விடுவினமே? தம்பி போகட்டும் எண்டு முடிவாச்சு. அண்ணையின்ர காட், அண்ணையின்ர பேர், அண்ணையின்ர சப்பாத்து. எட்டு வருசம்."

"போட்டோ பாக்க மாட்டினமா?"

"அவங்களுக்கு எங்கட முகம் எல்லாம் ஒண்டுதானே. ஒரு கிழவன் மட்டும் கேட்டான், யாக்கோப்பு, நீ நல்லா மெலிஞ்சிட்டாய் எண்டு. மனுசி சமைச்சுத் தாறேல்லை எண்டன்."

"மனுசியே இல்லாத காலத்திலை மனுசிக்கு ஒரு பழி" என்றாள் கிளறிற்றா.

"பாத்தியா, உன்ர பேரை அப்பவே நான் காப்பாத்தேல்லை, கிளறி." அவர் சிரித்தார். "பகிடி என்னெண்டால், எல்லையிலை குழாய்க்கு அடையாளமாய் மஞ்சள் தொப்பி போட்ட கட்டையள் நட்டிருக்கும். அதுக்குக் கீழை எண்ணெய் விசா இல்லாமல் போகும். நான் போகேலாது. ஆனால் யாக்கோப்பு போகலாம். கொம்பனி வாகனத்திலை அண்ணையாய்ப் போய், அண்ணை வீட்டிலை அண்ணையோடை சாப்பிட்டிட்டு வருவன்!"

யாக்கோப்பு எழுந்து கையைக் கழுவப் போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெராட் படுத்துவிட்டார். மேனுஷா மேலே அறைக்குப் போனாள். கிளறிற்றா மீன் முள்ளைச் சுற்றி எடுத்துக்கொண்டு பின் வளவுக் குப்பைத் தொட்டிக்குப் போனபோது, யாக்கோப்பு தொட்டிகளுக்குப் பக்கத்தில் நனைந்தபடி நின்றார்.

"என்னத்தான், மழைக்குள்ளை நிக்கிறியள்? தடிமன் பிடிச்சால் அவங்கள் உங்கட ரத்தத்தை எடுக்கமாட்டாங்கள்."

"பிள்ளை, உன்னட்டை ஒண்டு சொல்லோணும்."

ஜக்கெற்றின் உள்பையிலிருந்து மூன்று கடித உறைகளை எடுத்தார். பழுத்துப்போன உறைகள். முகவரி ஜேர்மன் முகவரி. பெயர் அவருடைய பெயர்.

"லைனிலை வேலை செய்யிற ஆக்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாப்பினம். பழுதெண்டால் முடிவு வீட்டுக்கு வரும். விசாக் காட்டிலை இருந்த விலாசம் என்ரையெல்லே. தம்பி ஒவ்வொரு முறையும் போன் எடுப்பான். அண்ணை, கடிதம் ஏதும் வந்ததோ? நான் ஒண்டும் வரேல்லை எண்டுவன். முதல்லை உண்மையாவே ஒண்டும் வரேல்லை."

"பிறகு?"

"இரண்டாயிரத்து ஐஞ்சிலை முதலாவது வந்தது. வெள்ளைக் கலம் குறையுது, வேலையை நிப்பாட்டிப்போட்டு உடனை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி. பிறகு ஒண்டு. அதுக்குப் பிறகு இன்னொண்டு, சிவப்புக் கோடு அடிச்சு."

கிளறிற்றா முள்ளுப் பொதியைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"ஆர் போறது, பிள்ளை? யாக்கோப்பு எண்டு நான் போனால் என்ர ரத்தம் நல்லாயிருக்கும். பிடிபட்டிடுவம். அவன் போனால் இரவல் காட் எண்டு தெரிஞ்சிடும். எனக்கு அப்ப சிற்றிசன் விண்ணப்பம் போட்டுக் கிடந்தது. ரண்டாவது கடைக்கு முன்பணமும் குடுத்திட்டன். ஒரு மாசம் பாப்பம், ரண்டு மாசம் பாப்பம் எண்டு... அவன் இன்னும் ரண்டு வருசம் அந்த வாளிக்குள்ளை கை விட்டான்."

"ரத்தம் ஊற மருந்து அனுப்பினியள்" என்றாள் கிளறிற்றா. கலியாணமான புதிதில் ஜெராட் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார். அண்ணை மாதா மாதம் ரொனிக் அனுப்புவார், ஈரல் சாப்பிடு, பீற்றூட் சாப்பிடு என்று போனில் கெஞ்சுவார் என்று. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு பீற்றூட் தின்னச் சொல்லியிருக்கிறியள்."

யாக்கோப்பு தலையைக் குனிந்துகொண்டார். மழை அவருடைய வழுக்கையில் விழுந்து காதோரம் வழிந்தது.

"அந்த வேலையாலைதான் வந்ததெண்டு டொக்டர் சொன்னவரோ?" என்று கேட்டார்.

"சொல்லேலாதாம். இருக்கலாமாம், இல்லாமலும் இருக்கலாமாம்."

"இருக்கலாம்" என்றார் அவர். "நாளைக்கு அவன் போக முதல் சொல்லப்போறன். சொல்லாமல் என்ர ரத்தத்தை அவனுக்குள்ளை விட என்னாலை ஏலாது. இருபது வருசமாய்ப் பூசையிலை நன்மை எடுக்கிற நேரமெல்லாம் இந்தக் கடிதம் தொண்டைக்குள்ளை நிக்குது."

கிளறிற்றாவுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் பயம் வந்தது. ஜெராட்டை அவளுக்குத் தெரியும். பாரிஸில் அவருடைய தங்கையின் புருசன் கலியாண வீட்டுப் பந்தியில் ஒரு வார்த்தை சொன்னான், இரவல் சூட் என்று. ஜெராட் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். பதினொரு வருடம் அந்த வாசற்படி மிதிக்கவில்லை. தங்கைக்கு ஒப்பரேசன் நடந்தபோது கிளறிற்றாவை ஆஸ்பத்திரிக்குள் அனுப்பிவிட்டு, எதிர்த் தெருவில் பனிக்குள் இரண்டு மணித்தியாலம் நின்றார். அந்த மனிதர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்கு யோசிக்கத் தேவையில்லை. எனக்கு வேண்டாம் என்பார். சத்தம் போடாமல் சொல்வார். பிறகு ஆண்டவர் இறங்கி வந்தாலும் மாற்றமாட்டார்.

"அத்தான், காலிலை விழுறன். இப்ப சொல்லாதையுங்கோ."

"பிள்ளை..."

"அவர் வேண்டாமெண்டிடுவார். உங்களுக்குத் தெரியும் வேண்டாமெண்டிடுவார். நாளைக்கு மருந்து தொடங்குது. தொடங்கினாப் பிறகு திரும்பேலாது. அதுக்குப் பிறகு சொல்லுங்கோ. எவ்வளவு வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே விளங்கியது. யாக்கோப்பு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் செய்ததைத்தான் நீயும் செய்யச் சொல்லுறாய்" என்றார்.

"ஓம். நீங்கள் உங்களுக்காண்டிச் செய்தியள். நான் அவருக்காண்டிச் செய்யுறன்" என்றாள். முள்ளுப் பொதியைத் தொட்டிக்குள் எறிந்தாள். கடிதங்களைப் பறித்துத் தன் அப்ரனுக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மருந்து தொடங்கியது. புதனன்று ஜெராட்டின் வாய் முழுவதும் புண். வெள்ளியன்று அவரால் எச்சில் விழுங்க முடியவில்லை. கிளறிற்றா பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்துக்கொண்டு காலையில் வந்து இருட்டும்வரை இருந்தாள். நேர்ஸ் வந்து பலகையில் ஒவ்வொரு நாளும் ஒரு எண்ணை எழுதிப் போவாள். வெள்ளைக் கலங்களின் எண். அது இறங்கிக்கொண்டே வந்தது. இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் மருந்து. ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போது, கப்பலை விட்டுக் கடலுக்குள் குதித்த ஆளைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. அவரை ஏற்றிக்கொள்ள வரவேண்டிய மற்றக் கப்பல், பின் வளவில் மழைக்குள் நின்ற மனிதர்.

யாக்கோப்புக்கு வியாழனிலிருந்து ஊசி. இரத்தத்தில் கலங்களைப் பெருக்குகிற ஊசி. இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் உளைந்தது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் கையூன்றி இறங்கினார். முனகவில்லை. நொந்தால் நோகட்டும் என்பதுபோல நடந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் தம்பியைப் பார்க்க வந்தார். முகமூடி, கையுறை, நீல அப்ரன். ஜெராட்டின் தலையில் ஒரு மயிர் இல்லை. அவர் தமையனின் கையுறை போட்ட கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தார்.

"அண்ணை" என்றார், புண் வாயால் ஒவ்வொரு சொல்லாக. "உங்கட பேரிலை எட்டு வருசம் சோறு திண்டனான். இனி உங்கட ரத்தத்திலை தின்னப்போறன். இந்தக் கடனை எங்கை கொண்டுபோய்க் கட்டுறது?"

யாக்கோப்பு கையை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கழிவறைக் கதவுக்குப் பின்னால் அவர் சத்தி எடுக்கிற சத்தம் நடைபாதையில் கேட்டது. ஊசியால் வருகிற சத்தி என்று நேர்ஸ் சொன்னாள். கிளறிற்றா ஓம் என்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு யாக்கோப்பு கீழ்த்தளத்தில் கலங்களைப் பிரித்தெடுக்கிற மெசினுக்கு வரவேண்டும். ஆறு மணிக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டார் என்று மேனுஷா சொன்னாள். எட்டரைக்குக் கீழ்த்தளத்திலிருந்து நேர்ஸ் மேலே போன் எடுத்தாள். டோனர் வரவில்லை.

கிளறிற்றா அவருடைய போனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. பலகையில் இருந்த எண் முந்தின நாளே சைபராகியிருந்தது. லிப்ற்றுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஏழு மாடிப் படியையும் ஓடி இறங்கினாள். வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். எந்த ரயிலில் ஏறியிருப்பார், எந்த விமானம் என்று மனம் பறந்தது.

அவர் எங்கும் போகவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பிடத்தில், சிவப்பு வாங்கில் குந்தியிருந்தார். பஸ்கள் வந்தன, ஆட்களை இறக்கின, போயின. அவர் இரண்டு மணித்தியாலமாக ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறார்.

"அத்தான்! எழும்புங்கோ. உங்களுக்காண்டி மெசின் காத்துக் கிடக்கு."

"கால் வரேல்லை, பிள்ளை."

"எலும்பு நோவுதோ? வீல்செயார் கொண்டு வரச் சொல்லட்டோ?"

"எலும்பு இல்லை." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "நேற்று அவன் என்ர கையை நெத்தியிலை வைச்சான். நான் இதைக் குடுத்தால் சாகும் மட்டும் அவன் என்னைக் கும்பிடுவான். நான் சாகும் மட்டும் அதை வாங்கோணும். உண்மையைச் சொல்லாமல் என்னாலை உள்ளை வரேலாது."

"குடுத்திட்டுச் சொல்லுங்கோவன்! பின்னேரம் சொல்லுங்கோ!"

"குடுத்திட்டால் சொல்லமாட்டன். எனக்கு என்னைத் தெரியும். இருபது வருசம் சொல்லாத ஆள் நான்."

கிளறிற்றா அவருடைய ஜக்கெற்றைக் கொத்தாகப் பிடித்தாள். தரிப்பிடத்தில் நின்ற ஒரு கிழவி விலகிப் போனாள். "அவரிட்டை இப்ப ஒரு துளி ரத்தம் இல்லை, அத்தான். ஒரு தடிமன் வந்தால் போயிடுவார். உங்கட மனச்சாட்சிக்கு நேரம் பாத்தியளே!"

யாக்கோப்பு அழத் தொடங்கினார். அறுபது வயது மனிதர், பஸ் தரிப்பிடத்தில், வாயைப் பொத்திக்கொள்ளாமல். அவரை இழுத்துக்கொண்டு போகலாம், அவளுக்கு அந்த வலு இருந்தது. ஆனால் மெசினில் படுக்க முதல் நேர்ஸ் கேட்பாள், முழு விருப்பத்தோடுதானே தருகிறீர்கள் என்று. இந்த முகத்தோடு இவர் என்ன பதில் சொல்வார்?

அவள் பிடியைத் தளர்த்தினாள்.

"சரி" என்றாள். "வாங்கோ. முதல்லை மேலை போவம். சொல்லுங்கோ."

முகமூடிக்கு மேலே தமையனின் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, "நோகுதோ அண்ணை?" என்று கேட்டார் ஜெராட். யாக்கோப்பு கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மூன்று கடிதம். வந்த வருடம். அதில் எழுதியிருந்தது. தான் ஏன் ஒளித்தார் என்பது. போனில் சொன்ன பொய். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. கிளறிற்றா கைப்பையிலிருந்து உறைகளை எடுத்துக் காட்டினாள். வெளிச்சாமான்களைக் கட்டிலில் வைக்கக்கூடாது என்றபடியால் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெராட் உறைகளைப் பார்த்தார். தன் இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கையையும் புறங்கையையும் பார்த்தார். மருந்தால் நகங்கள் கறுத்திருந்தன. பிறகு கைகளைப் போர்வைக்குள் விட்டார்.

"மெசினிலை எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"நாலஞ்சு மணித்தியாலம்" என்றார் யாக்கோப்பு.

"அப்ப ஏன் நிக்கிறியள்?"

யாக்கோப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெராட் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. இடுப்பைப் பிடித்தபடி யாக்கோப்பு லிப்ற்றை நோக்கிப் போவதைக் கிளறிற்றா பார்த்தாள். போகிறார். மெசினுக்குத்தான் போகிறார். அவள் உறைகளைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள்.

"கிளறிற்றா."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"நேற்றோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார், கண்ணில் தெரிந்தது. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு நிம்மதியாக அவளுடைய கையைப் பிடித்துக்கொள்ள அவர் ஆயத்தமாக இருந்தார்.

"இல்லை" என்றாள் கிளறிற்றா. "அதுக்கு முந்தின ஞாயிறு. இஞ்சை வர முதல் நாள்."

அவர் கணக்குப் பார்ப்பதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"அப்ப எனக்கு வேண்டாமெண்டு சொல்லியிருக்க ஏலும்."

"ஓம்."

"அதுதான் சொல்லேல்லை."

"ஓம். அதுதான்."

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுவதும் திரும்பவில்லை. நேர்ஸ் வாய் கழுவ வந்தபோது திறந்தார், மூடினார். மத்தியானம் மேனுஷா போனில் வந்தபோது, "சுகமாய் இருக்கிறன், படி" என்று மட்டும் சொன்னார். கிளறிற்றா ஐஸ் துண்டை உதட்டருகில் கொண்டுபோனாள். உதடு பிரியவில்லை. அது அவள் விரலிலேயே கரைந்து முழங்கைவரை வழிந்தது.

நாலரை மணிக்குப் பை வந்தது. சின்னப் பை. தண்ணீர் கலந்த பீற்றூட் குழம்பின் நிறம். இரண்டு நேர்ஸ்மார் வந்து பெயரையும் பிறந்த திகதியையும் சத்தமாக வாசித்தார்கள். பெயரைச் சொல்லும்படி அவரையும் கேட்டார்கள்.

"ஜெராட்" என்றார் அவர் யன்னலைப் பார்த்தபடி.

குழாயில் முதல் துளி இறங்கியது. நேர்ஸ்மாரில் ஒருத்தி போய்விட்டாள், மற்றவள் மூலையில் நின்று எழுதினாள்.

"வெளியிலை போ" என்றார் ஜெராட்.

"போகமாட்டன்."

"எனக்கு உன்னைப் பாக்க ஏலாமல் கிடக்கு."

"பாக்காதையுங்கோ. ஒரு வருசம் பாக்காதையுங்கோ, பதினொரு வருசம் கதைக்காதையுங்கோ. உயிரோடை இருந்து கோவியுங்கோ."

பை பாதியாக இறங்கியிருந்தது. கிளறிற்றா எழுந்தாள். சத்தம் வராமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய், அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படாதபடி தலைமாட்டுக்குப் பின்னால் வைத்து, அங்கே இருந்துகொண்டாள்.